புளியந்தீவுத் தேவாலயம்: எழுதப்படாத ஏடுகள்

மட்டக்களப்பு நகரின் நடுவே, வாவி சூழ்ந்த புளியந்தீவிலே, பழைய துறைவாயிலின் அருகே ஒரு பாதிரியாரின் சிலை நிற்கின்றது. பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளும் சந்தைக்குச் செல்லும் கமக்காரரும் அதனைக் கடந்து செல்கின்றனர். வில்லியம் ஓல்ட் என்னும் பெயரை அவர்களிற் பலர் அறிவர். அவர் அந்நகரில் வாழ்ந்த காலம் ஓராண்டுதானும் நிரம்பவில்லை என்பதை அறிந்தவர் சிலர். அவர் மறைந்தபின் இருநூறு ஆண்டுகளாக அங்கே மெதடிஸ்த திருச்சபையைத் தாங்கி நின்ற தமிழர் யாவர் என்று வினவினால், விடை சொல்ல வல்லார் அவரினுஞ் சிலரே.

ஓல்ட் பாதிரியாரின் கதை துயரம் மிகுந்தது. தோமஸ் கோக் என்னும் முதியவர் இளம் போதகர் சிலரை உடனழைத்துக்கொண்டு, 1813ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறினார். இலங்கையில் வெஸ்லியன் மிசனை நிறுவ வேண்டுமென்பது அவருடைய நெடுநாட் கனவு. இக்கரையை அவர் காணவில்லை. 1814ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி நடுக்கடலிலே உயிர்நீத்தார். ஓல்டின் மனைவியாரும் அப்பயணத்திலேயே இறந்தார். ஜூன் 29ஆந் திகதி காலியிலே கரையிறங்கிய ஐவர், தலைவனை இழந்தவர்களாய், இன்னும் பழகாத ஒரு நாட்டிலே நின்றனர். ஜூலை மாதத்தில் அவர்கள் கூடித் தத்தமக்குரிய இடங்களை வகுத்துக்கொண்டபொழுது, லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கும், எர்ஸ்கின் மாத்தறைக்கும் குறிக்கப்பட்டனர். கிளவ் காலியிலே தங்கினார். மட்டக்களப்புக்கு ஓல்ட் தனியராகவே சென்றார்.

அந்நாளில் மட்டக்களப்பு என்பது போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையையும், அதனை அண்டிய சில தெருக்களையும் கொண்ட சிற்றூர். ஆங்கிலேயர் அதனைப் பெற்று இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஓல்ட் அங்கே ஆங்கிலம் அறிந்தவர்களுக்குப் பிரசங்கித்தார். தமிழ் கற்கத் தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தார். 1815ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் முதலாந் திகதி இறந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் தன் தொடக்கத்தை 1814 என்றே கணக்கிடுகின்றது.

நம்மிடையே வழங்கும் வரலாறு பெரும்பாலும் இவ்விடத்திலே பெருமூச்செறிந்து நின்றுவிடும். பின்பு நினைவுமலர்களிற் போதகர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று வரும். 2014இல் இருநூறாண்டு நிறைவு கொண்டாடப்பட்டபொழுதும் ஓல்டையே நாம் அதிகம் பேசினோம். அவரைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் சில வினாக்கள் எழாமலில்லை. அவருக்குத் தமிழ் அரிச்சுவடியைச் சொல்லிக்கொடுத்தவர் யார்? அவர் திறந்த பள்ளிகளில் மணலிலே எழுதப் பழக்கிய சட்டம்பியார் எவ்வூரவர்? ஓல்ட் இறந்தபின், அடுத்த போதகர் வந்து சேருமளவும் பிள்ளைகளைக் கலையவிடாது வைத்திருந்தவர் யார்? சில மாதத் தமிழோடு ஒருவர் தனித்து நின்று பள்ளிகள் நடத்தியிருத்தல் இயலாது. அவர் பக்கத்திலே தமிழறிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத்தான் சிலை இல்லை.

இதற்கோர் எளிய காரணம் உண்டு. புளியந்தீவுத் தேவாலயத்தின் பழைய செய்திகளைத் தேடப் புகுவோன் மட்டக்களப்பிலே நெடுங்காலம் தேடுவதில்லை, இலண்டனுக்கு எழுதுகின்றான். மிசனரிமார் தம் சங்கத்துக்கு எழுதிய கடிதங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீழைத்தேய ஆபிரிக்கவியற் கல்லூரியிலே பேணப்படுகின்றன. அவை அருஞ்செல்வங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் கடிதம் என்பது பெறுபவனை நோக்கி எழுதப்படுவது. பணம் அனுப்பும் சங்கத்தார் எதனைக் கேட்க விழைவரோ அது அதிலே முன்வந்து நிற்கும். எடுத்துக்காட்டாக, 1840களிலே ரல்ஃப் ஸ்டொட் என்னும் போதகர் மட்டக்களப்பிலிருந்து காடேறி வேடரிடையே செய்த பணி, எமர்சன் தெனந்தின் 1850ஆம் ஆண்டு நூல் வழியாக ஆங்கில வாசகருக்கும் தெரியவந்தது. வேடர் என்ன நினைத்தனர், அவர்களிடையே பள்ளி நடத்தியவர் மனைவி மக்களோடு எவ்வாறு வாழ்ந்தார் என்பவற்றை அறிய நமக்கு வழியில்லை. பார்த்தவன் கடிதம் இருக்கின்றது. பார்க்கப்பட்டவன் கடிதம் இல்லை.

இலக்கிய அன்பர்களுக்கும் இதிலே ஒரு பங்குண்டு. தமிழ் உரைநடையின் வளர்ச்சியைக் கூறுவோர் நூல்களைக் கொண்டே கூறுகின்றனர். பிலிப்பு த மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பிலே அச்சேறியது. தரங்கம்பாடி வழிவந்த பப்பிரிசியுவின் மொழிபெயர்ப்பு அதற்குப் பிற்பட்டது. யாழ்ப்பாணத்திலே வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்கு ஆறுமுக நாவலர் துணைநின்று உருவான மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. தமிழ்ப் புலமை மிக்க அந்நூல் சபைகளிலே நிலைக்காது போனமை தனியே ஆராயத்தக்கது. இவையெல்லாம் பாடப்புத்தகச் செய்திகள். அந்த எழுத்துத் தமிழை ஞாயிறுதோறும் எழுவான்கரையாருக்கும் படுவான்கரையாருக்கும் விளங்கும்படி விரித்துரைத்த உபதேசிமாரின் பேச்சுத் தமிழ் எங்கே? மட்டக்களப்பு வழக்கும் வேதாகம வழக்கும் ஒரே வாயிலே கலந்தபொழுது பிறந்த உரைநடை எத்தகையது? பிரசங்கக் குறிப்பு எழுதிய கொப்பிகளும், குடும்ப வேதாகமத்தின் முன்தாளிலே பிறப்பு இறப்பு குறித்த வரிகளுமே அதற்குச் சான்றாக எஞ்சக்கூடியவை. பழைய பெட்டிகளைத் துப்புரவாக்கும் நாளிலே முதலில் நெருப்புக்குப் போவனவும் அவையே.

இஃது அச்சபையார் கவலைப்பட வேண்டிய விடயம், மற்றையோருக்கு இதனாலென்ன என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் விபுலாநந்த அடிகளை நினைத்துக்கொள்ளட்டும். 1892இல் காரைதீவிலே பிறந்த அடிகள், கல்முனையிலே மெதடிஸ்த மிசன் பள்ளியிலும், பின்னர் மட்டக்களப்பிலே கத்தோலிக்கரின் மைக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். அவரே பின்னாளில் இராமகிருஷ்ண மிசன் துறவியாகி, 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். மிசன் பள்ளிகளுக்கு மாற்றாகச் சைவப் பள்ளிகள் எழுந்தன. ஆயின் அவற்றை எழுப்பியவர்கள் மிசன் பள்ளிகளின் வாங்குகளில் இருந்து எழுந்தவர்கள். கிழக்கின் கல்வி வரலாற்றை எழுதுவோன் ஒரு கதவை அடைத்துவிட்டு மற்றதனாற் புக முடியாது.

1960, 61ஆம் ஆண்டுகளிலே பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின. 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை தன்னாட்சி பெற்றது. கல்லூரி வேறு, கோயில் வேறு என்றான காலத்தில், இரண்டுக்கும் பொதுவாயிருந்த பத்திரங்களை யார் வைத்திருப்பது என்னும் கேள்வி எவரும் கேளாத கேள்வியாயிற்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளியை மட்டக்களப்பார் மறக்கமாட்டார். கூரை பறந்த வீடுகளிலே எவ்வளவு தாள்கள் நனைந்து கூழாயினவோ! பின்பு போர்; பின்பு 2004இன் கடல். வாவிக்கரை ஈரமும் கறையானும் எக்காலத்தும் ஓய்வதில்லை.

எஞ்சியிருப்பவற்றுள் முதன்மையானவை ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள். வெறும் பெயர்க் கோவை என்று அவற்றைத் தள்ளிவிடலாகாது. தந்தையின் பெயர், ஊர், தொழில் என்பன வரிசையாக எழுதப்பட்டிருக்கும் ஏட்டிலே ஒரு நகரம் உட்கார்ந்திருக்கின்றது. சைவப் பெயர் கொண்ட தந்தைக்கு ஆங்கிலப் பெயர் கொண்ட மகன். அவனுக்குப் பிறந்தவன் மீண்டும் தமிழ்ப் பெயரோடு வருகின்றான். ஒரே மாதத்தில் அடக்கங்கள் பெருகியிருப்பின் அங்கே கொள்ளைநோய் புகுந்ததெனக் கொள்ளலாம். அரசாங்கம் பிறப்பு இறப்புகளை ஒழுங்காகப் பதியத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். அதற்கு முன்னுள்ள காலத்துக்கு இத்தகைய ஏடுகளைவிட்டால் வேறு கதியில்லை.

ஆகவே, இவ்வேடுகளுக்கு ஒளிப்படப் பிரதி எடுக்கும் முயற்சி தாமதமின்றித் தொடங்கப்படுதல் வேண்டும். ஏடு கோயிலிலேயே இருக்கட்டும். அதன் படி வேறோரிடத்தில் இருக்கட்டும். ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிலே சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தார் போன்றோர் இப்பணியின் நுட்பத்தை அறிவர். உயிரோடிருப்போரின் விவரங்கள் அடங்கிய பிற்கால ஏடுகளைத் திறந்துவிடல் தகாது. எந்த ஆண்டுவரையுள்ளவற்றைக் காட்டலாம் என்பதைச் சபையாரே முடிவுசெய்தல் முறை.

ஏடுகளைத் தொட அனுமதி வேண்டும். கல்லறைகளைப் படிக்க அனுமதிகூடப் பெரிதாக வேண்டியதில்லை. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ள ஆசிரியர்கள் அடுத்த விடுமுறையிலே உயர்வகுப்பு மாணவர் நால்வரை உடனழைத்துச் சென்றால், இரண்டு காலைப்பொழுதில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் தமிழ்க் கல்வெட்டுகளைப் படியெடுத்துவிடலாம். முதிய உபதேசிமாரின் பிள்ளைகளைக் கண்டு பேசுவதற்கு இன்னும் இரண்டு மாலைப்பொழுதுகள் போதும். அவ்வாறு தொகுத்து அனுப்பப்படும் குறிப்புகளுக்கு இப்பக்கங்களில் இடமளிப்போம். அனுப்புவோர் கல்லில் உள்ள எழுத்தை உள்ளபடியே எழுதுக. பிழையெனத் தோன்றினும் திருத்தற்க. சிதைந்த எழுத்துக்குப் புள்ளியிட்டால் போதும்.