கடவுச்சொல்லுக்குப் பின்னால் நம் வரிப்பணம்

பரீட்சை நெருங்கினால் இங்குள்ள பொறியியல் மாணவர்கள் பலர் தேடிப் போவது என்பிடெல் காணொளிகளைத்தான். இந்திய அரசின் பணத்தில் ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம் அது. யாரும் பார்க்கலாம். மலேசியரும் பார்க்கலாம். ஆனால் மலேசிய வரிப்பணத்தில் ஓடும் நம் பொதுப் பல்கலைக்கழகங்களின் விரிவுரைக் குறிப்புகள் பெரும்பாலும் மாணவர் எண்ணுக்கும் கடவுச்சொல்லுக்கும் பின்னால்தான் கிடக்கின்றன. பட்டம் வாங்கிய கையோடு என் கணக்கையும் மூடிவிட்டார்கள். நாலு வருஷம் படித்த பாடத்தை இன்று என்னாலேயே திறக்க முடியாது.

பட்டதாரிக்கு இதனால் பெரிய நட்டமில்லை. உள்ளே போக முடியாதவர்களை நினைத்துப் பாருங்கள். எஸ்டிபிஎம்மில் நல்ல தேர்ச்சி பெற்றும் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காக வருஷா வருஷம் நம் தலைவர்கள் அறிக்கை விடுகிறார்கள். விடட்டும், நியாயம்தான். ஆனால் ஒரு நாற்காலியில் ஒருவர்தான் உட்கார முடியும். ஒரு பிடிஎஃப்பை ஒரே நேரத்தில் லட்சம் பேர் படிக்கலாமே! பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் டிப்ளோமாக்காரரும் படிக்கலாம். அதைத் திறந்துவிடு என்று ஏன் ஒருத்தரும் கேட்பதில்லை?

குறிப்புகள் விரிவுரையாளரின் சொந்த உழைப்பு என்பார்கள். உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவைப் படியுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக உருவாக்கியதன் உரிமை முதலாளிக்குத்தான். இங்கே அந்த முதலாளி பொதுப்பணத்தில் நடக்கிற பல்கலைக்கழகம். பாடநூலிலிருந்து எடுத்து ஒட்டிய படங்கள் சிக்கல்தான். அவற்றை நீக்கிவிட்டு மிச்சத்தைப் போடலாமே? மிச்சம் எவ்வளவு தேறும் என்பதுதான் சிலருக்குப் பயம் என்று நினைக்கிறேன்.

முடியாத காரியமும் இல்லை. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் பாடங்கள் சிலவற்றை இணையத்தில் திறந்து வைத்தது. 2014இல் அரசாங்கமே மூக் திட்டம் தொடங்கியது. முதலில் வந்தவை இன உறவு, நாகரிகம் மாதிரியான பொதுப் பாடங்கள். நல்லது. வெப்ப இயக்கவியல் எங்கே? மின்சுற்று எங்கே?

உயர்கல்வி அமைச்சு ஒரே ஒரு நிபந்தனை போட்டால் போதும்: பொதுப்பணத்தில் நடத்தும் ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டம், குறிப்பு, பயிற்சிக் கணக்கு மூன்றும் பருவம் முடிந்ததும் வெளியே வர வேண்டும். பொலிடெக்னிக்குகளையும் சேர்த்துத்தான்.