ஏலத்துக்கு முன் வீட்டுக்காரர் கொண்டுவரும் விலையைக் கேளுங்கள்

பராட்டே ஏலங்களுக்கு விதிக்கப்பட்டிருந்த இடைநிறுத்தம் 2025 மார்ச் 31ஆம் திகதியுடன் முடிந்தது. தவணை தவறியவரின் ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் போகாமலே, பணிப்பாளர் சபைத் தீர்மானம் ஒன்றைக்கொண்டு பகிரங்க ஏலத்தில் விற்கும் அதிகாரம் மறுபடி வங்கிகளின் கைக்கு வந்துவிட்டது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் தந்த அந்த அதிகாரத்தை அடியோடு பறிக்கச் சொல்லவில்லை. ஏலம் கூறுமுன், வீட்டுக்காரர் தானே தேடிக் கொண்டுவரும் விலையைக் கேட்டு, குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லும் கடமை வங்கிக்கு வேண்டும். அந்த விலை கடனைவிடக் குறைவானாலும், ஏலத்தில் கிடைக்கக்கூடியதைவிடக் கூடுதல் என்றால், அதை ஏற்றுக் கணக்கை முடிக்க வேண்டும்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டுக்கோ, கொட்டாஞ்சேனையில் சில பேர்ச்சஸ் காணியில் நிற்கும் பழைய வீட்டுக்கோ வரும் ஏல அறிவித்தலைக் கடைசி வரி வரை படித்துப் பாருங்கள். விலை கூறி எடுப்பவர் அந்த இடத்திலேயே 10 சதவீதம் கட்ட வேண்டும். உள்ளூராட்சி வரி, ஏலதாரர் கூலி, நொத்தாரிசுக் கட்டணம் எல்லாம் தனி. மிச்சம் 90 சதவீதத்தையும் வழக்கமாக 30 நாட்களுக்குள் கட்டி முடிக்க வேண்டும். வீட்டுக் கடன் எடுத்து வாங்க நினைக்கும் மாதச் சம்பளக் குடும்பத்தால் இது ஆகிற காரியமா? குடியிருப்பவர் வெளியேறாவிட்டால், வாங்கியவர் மாவட்ட நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டும். கடைசியில் கையில் காசோடு வரும் சிலரே ஏலத்தில் நிற்பார்கள். வங்கிக்குப் போகும் மதிப்பீட்டு அறிக்கையிலேயே சந்தைப் பெறுமதி ஒன்று, கட்டாய விற்பனைப் பெறுமதி ஒன்று என இரண்டு தொகைகள் இருக்கும். சொத்து அந்தக் கட்டாய விலைக்குப் போனால், இடையிலுள்ள பணம் வங்கிக்கும் சேராது, கடனாளிக்கும் சேராது. ஏலத்தில் எடுத்தவருக்கே சேரும். வீட்டை இழந்தவர் தலையிலோ மிச்சக் கடன் கிடக்கும்.

இப்படித் தவணை தவறியவர்கள் எல்லோரும் ஊதாரிகளா? 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபின் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வியாபாரம் படுத்தது. அடுத்து பெருந்தொற்று. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. முதன்மை வாடிக்கையாளருக்கான கடன் வீதமே அந்த ஆண்டு முடிவில் 27 சதவீதத்தைத் தாண்டியது. கடைக்காக வீட்டை ஈடு வைத்த சிறு வியாபாரி எந்தக் கணக்குப் போட்டிருந்தாலும் இதைத் தாங்கியிருக்க மாட்டார்.

வங்கியோடு விலை பேசப் போகிறவருக்கு முதல் எதிரி தாமதம். கிளை முகாமையாளர் தலைமை அலுவலகத்தைக் காட்டுவார், தலைமை அலுவலகம் அறவீட்டுப் பிரிவைக் காட்டும். பதில் வாய்ப்பேச்சாகவே இருக்கும். தண்டவட்டி ஏறிக்கொண்டே போக, வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துப் போய்விடுவார். 2008 வீட்டுக் கடன் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவிலும் இதே தொல்லை இருந்தது. அரச ஆதரவுள்ள ஃபேனி மே, ஃபிரெடி மேக் நிறுவனங்களின் கடன்களுக்கு 2012இல் ஒரு விதி வந்தது: கடனைவிடக் குறைந்த விலைக்கு வாங்கக் கேட்டாலும் 30 நாட்களுக்குள் பதில், 60 நாட்களுக்குள் இறுதி முடிவு.

வைப்பாளர்களின் பணத்தை விட்டுக்கொடுக்க வங்கிக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஏலத்தில் குறைந்த விலைக்கு விற்பதும் அதே வைப்பாளர்களின் பணத்தில்தான் நட்டம் வைக்கிறது. உறவினர் பெயரில் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுக் கடனைத் தள்ளச் சொன்னால் என்ன செய்வது என்பது இன்னும் கனமான ஆட்சேபம். அதற்கு வங்கியின் பட்டியலிலுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். வாங்குபவர் தமக்கும் கடனாளிக்கும் உறவில்லை என்று சத்தியக் கடதாசி தர வேண்டும். பணம் நேரே வங்கிக்கே போக வேண்டும். இழுத்தடிக்க இடம் கொடாமல் வாய்ப்பு ஒரு தடவைதான் என்றும் வைக்கலாம்.

2024இல் வணிக மீட்சிப் பிரிவுகளை அமைக்கும்படி வங்கிகளைப் பணித்த மத்திய வங்கி, இதற்கும் ஒரு சுற்றறிக்கை விடலாம்; நாடாளுமன்றம் பின்னர் சட்டத்தையே திருத்தட்டும். அதுவரை, நெருக்கடியில் இருப்பவர்கள் சபைத் தீர்மானம் வருமுன்னரே வாங்குபவரின் கடிதத்தையும் மதிப்பீட்டு அறிக்கையையும் சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதியையும் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.