மலிவான கண்ணின் விலை

செந்நிறக்கீழ்க் கதிரைக் காணும் கருவி இனி எல்லோர் கைக்கும் எட்டும் என்னும் ஆரவாரம், குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நனோப் பளிங்குகளுக்கு 2023 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்ததன் பின்னர் மேலும் ஓங்கி ஒலிக்கின்றது. இவ்வாரவாரத்தில் பாதி உண்மை உண்டு. மற்றைய பாதியைப் பேசுவோர் சிலரே.

1959 இல் இங்கிலாந்தின் மோல்வேர்ன் இராணுவ ராடர் ஆய்வு நிலையத்தில் இரசக் கட்மியத் தெலூரைட்டு உருவாக்கப்பட்டது. பெருஞ்செலவில் பளிங்கு வளர்த்து, அதைச் சிலிக்கன் சில்லோடு புள்ளி புள்ளியாய் இணைத்து, குளிரூட்டியும் பயன்படுத்தவேண்டியிருந்தமையால் அது பெரும்பாலும் படைகளின் கண்ணாகவே இருந்தது. நனோப் பளிங்கோ குடுவையிற் சமைக்கப்படும் மை. சில்லின்மீது நேரே பூசலாம். பளிங்கின் பருமன் கூட, அது உறிஞ்சும் அலைநீளமும் நீளும். 2006 இல் றொறன்ரோ ஆய்வாளர் ஈயச் சல்பைட்டிலும், 2011 இல் சிக்காக்கோ ஆய்வாளர் இரசத் தெலூரைட்டில் 5 மைக்கிரோமீற்றர் வரையிலும் இதனைச் சாதித்துக் காட்டினர். இச்சாதனையை நாம் மறுக்கவில்லை.

ஆயின் அந்த மை எதனாலானது? ஈயச் சல்பைட்டின் நிறையில் ஏறத்தாழ 87 வீதம் ஈயம். இரசத் தெலூரைட்டில் 61 வீதம் இரசம். 'ஒரு சில்லில் இருப்பது அற்ப அளவே' என்பர். உண்மைதான். ஆனால் மலிவு என்பதே எண்ணிக்கையின் வாதமன்றோ? கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகளிற் பொருத்தினாலன்றி இச்சில் மலிவாகாது. ஒன்றைக் காட்டி ஆபத்தில்லை என்பதும், கோடியைக் காட்டி இலாபம் உண்டு என்பதும் ஒருவரே பேசத்தக்க இரு பேச்சுகளல்ல. எறியப்பட்ட கருவிகள் எங்கே போகும் என்பதையும் நாமறிவோம். கானாவின் அக்பொக்புளோசியில், 2021 இல் அவ்விடம் இடிக்கப்படும்வரை, செம்புக்காகக் கம்பிகளை எரித்த இளைஞர் அப்புகையையே சுவாசித்தனர். (கலைப்பீடத்தானுக்கு இதில் என்ன வேலை என்று வினவும் விஞ்ஞானபீட நண்பர்களுக்கு இதுவே விடை.)

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டு விதி, மின் உபகரணப் பொருள்களில் ஈயத்தையும் இரசத்தையும் 0.1 வீதத்துக்கும், கட்மியத்தை 0.01 வீதத்துக்கும் மட்டுப்படுத்துகின்றது. போர்த்தளபாடங்களுக்கோ விலக்கு! நஞ்சுக்குச் சீருடை அணிவித்தால் அது நஞ்சாகாது போலும்.

மாற்று வழியில்லை என்பது சோம்பலின் வாதம். தொலைக்காட்சித் திரைகளிலும் கட்மியம் இன்றியமையாதது என்றே ஒருகாலத்தில் வாதிடப்பட்டது. சம்சுங் நிறுவனம் 2015 முதல் கட்மியமற்ற நனோப் பளிங்குத் திரைகளை விற்றுவருகின்றது. செந்நிறக்கீழ்க் கதிருக்கும் வெள்ளித் தெலூரைட்டு உணரிகளை ஸ்பானிய ஆய்வாளர் 2024 இல் வெளிப்படுத்தினர். அதன் ஆற்றல் குறுகிய அலைப் பகுதியோடு நின்றுவிடுகின்றது. 3 மைக்கிரோமீற்றருக்கு அப்பால் இரசத் தெலூரைட்டே இன்றும் முன்நிற்கின்றது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அங்கு மெதேன் கசிவைக் காணும் கருவிகளுக்கு, பயன் முடிந்ததும் உற்பத்தியாளரே மீளப்பெறவேண்டும் என்ற நிபந்தனையோடு அதனை அனுமதிக்கலாம். கைத்தொலைபேசிக்கு அனுமதிக்கலாகாது.