செவ்வணிலும் தொண்டர் கடனும்

பிறர் செய்த பிழையைத் தம்முடையதாக ஏற்றுத் திருத்த முன்வருவோரே உண்மைத் தொண்டர் என்பது எம் கருத்து. அத்தகையோருள் ஒரு சாராரைப் பற்றி நம் கல்லூரி அன்பர்கள் முன் சில கூற விழைகின்றோம். அவர்கள் பெருநிதி படைத்தாரல்லர், பெரும்பதவி வகிப்பாருமல்லர். இங்கிலாந்து, ஸ்காத்லாந்து, வேல்ஸ் என்னும் நாடுகளின் காடுகளில், மழையென்றும் பனியென்றும் பாராது, ஒரு சிற்றுயிரின் பொருட்டு நடந்து திரியும் எளிய மக்களே அவர்கள்.

அச்சிற்றுயிர் செவ்வணில் ஆகும். அது நம் முற்றத்து மரங்களில் ஓடும் முக்கோட்டு அணிலன்று. செந்நிற மேனியும், அடர்ந்த வாலும், குளிர்காலத்தில் செவிநுனியில் நீண்டு தோன்றும் மயிர்க்குஞ்சமும் உடையது. எடை ஏறத்தாழ 300 கிராமே. பிரிட்டன் தீவிற்குத் தொன்றுதொட்டு உரிய அணில் அஃதொன்றே.

1876ஆம் ஆண்டில் செஷயர் பகுதியைச் சார்ந்த ஹென்பரி பூங்காவில், பிராக்கில்ஹர்ஸ்ட் என்னும் செல்வர் வட அமெரிக்காவினின்றும் கொணர்ந்த சாம்பலணில்களை விடுவித்தார். காட்சிக்கு இனிமையென்று கருதிச் செய்த செயல் அது. செல்வர் வேறு சிலரும் அவ்வாறே செய்தனர். விளைந்தது யாது? பிரிட்டனின் பாலூட்டிகள் கழகம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சாம்பலணில் ஏறத்தாழ 27 இலட்சம்; செவ்வணிலோ ஏறத்தாழ 2,87,000. அவற்றுள்ளும் பெரும்பகுதி ஸ்காத்லாந்தில் ஒதுங்கி வாழ்கின்றது.

சாம்பலணில் செவ்வணிலைக் கடித்துக் கொன்றதோ எனின், அன்று. அது உடலிற் பெரியது. முற்றாத ஓக்குக் கொட்டைகளையும் செரிக்க வல்லது. ஆதலின் செவ்வணில் உண்ணுதற்குரிய காலம் வருமுன்பே உணவு தீர்ந்துவிடுகின்றது. அன்றியும், அணிலம்மை என்னும் நோயின் வைரஸைச் சாம்பலணில் தனக்குத் தீங்கின்றிச் சுமந்து திரிகின்றது. அந்நோய் பற்றிய செவ்வணிலோ பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் மடிகின்றது. லிவர்ப்பூல் நகருக்கு வடக்கேயுள்ள ஃபார்ம்பி என்னும் கடற்கரைக் காட்டில் 2008ஆம் ஆண்டில் இந்நோய் பரவியபோது, நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட செவ்வணில்கள் மாண்டன. எஞ்சிய சிலவற்றினின்றே அக்காடு மீண்டும் அணில் வளம் பெற்றது.

இந்நிலையில் தொண்டர் செய்யும் பணிதான் யாது? குறித்த வழியிலே நடந்து அணில்களை எண்ணுகின்றனர். உணவுப்பெட்டியின் வாயிலில் பசைத்துண்டு ஒட்டி, அதிற் படிந்த மயிரை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, வந்தது எவ்வணில் என்று அறிகின்றனர். காமராக்களை மரத்திற் கட்டிப் படங்களைப் பார்வையிடுகின்றனர். நோய் பரவாதிருக்க உணவுப்பெட்டிகளைத் தொற்றுநீக்கும் மருந்திட்டுக் கழுவுகின்றனர். கூண்டுப்பொறி வைத்து நாள்தோறும் சென்று பார்க்கின்றனர். செவ்வணில் அகப்படின் அப்பொழுதே விடுவிக்கின்றனர்; சாம்பலணில் அகப்படின் கொல்கின்றனர். பிடிபட்ட சாம்பலணிலை மீண்டும் காட்டில் விடுதல் அந்நாட்டுச் சட்டத்திற்கு மாறாகும்.

இப்பணியின் பயனுக்கு வேல்ஸ் நாட்டு ஆங்கில்சித் தீவு சான்று. 1998ஆம் ஆண்டில் அங்கு எஞ்சிய செவ்வணில் ஏறத்தாழ நாற்பதே. அவ்வாண்டு தொடங்கிய முயற்சியினால், 2013ஆம் ஆண்டில் தீவு சாம்பலணில் அற்றதாயிற்று. செவ்வணிலோ சில நூறாகப் பெருகிற்று. பதினைந்தாண்டு இடையறாது செய்த தொண்டின் பயன் இது.

ஈண்டு ஒரு வினா எழும். ஓருயிரைக் காத்தற்கு மற்றோருயிரைக் கொல்லுதல் அறமாகுமோ? வலியது வாழ்க, மெலியது மாய்க என்று இயற்கையின் போக்கிலேயே விட்டுவிடலாகாதோ? இவ்வினாவை எளிதென்று யாம் தள்ளோம். சாம்பலணில் யாதொரு குற்றமும் செய்யவில்லை. எனினும் அட்லாந்திக்குப் பெருங்கடலைக் கடந்து அது தானே வந்ததன்று, மனிதன் கொணர்ந்தான். தொடக்கத்தில் தலையிட்டவன் முடிவில் மட்டும் கைகட்டி நின்று, அதனை இயற்கையின் செயலென்று கூறுதல் பொருந்தாது. வாளாவிருத்தலும் ஒரு செயலே. அதுவும் கொலையிலேயே முடியும். ஏதேன் தோட்டம் மனிதனிடம் ஒப்புவிக்கப்பட்டது ஆளுதற்கு மட்டுமன்று, பேணுதற்குமாம் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயினும், சாம்பலணிலை அந்நியன் என்றும் பகைவன் என்றும் இகழ்வாரோடு யாம் உடன்படோம். உள்நாட்டது என்ற பெருமை செவ்வணிலை என்றும் காத்ததன்று. ஸ்காத்லாந்தில் 1903ஆம் ஆண்டில் தோன்றிய ஹைலண்டு அணில் கழகம், மரங்களுக்குக் கேடென்று கூறி, வாலுக்கு இவ்வளவு என விலை கொடுத்துச் செவ்வணில்களை ஆயிரக்கணக்கிற் கொல்வித்தது. அதே ஆண்டிலேதான் பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் நட்கின் என்னும் செவ்வணிலின் கதையை வெளியிட்டுச் சிறுவர் உள்ளத்தைக் கவர்ந்தார். ஆகவே, தொண்டிற்கு அடிப்படையாக வேண்டுவது பகைமையன்று, கடமையுணர்ச்சியே. கொல்ல நேரின் துன்பமின்றி விரைவிற் கொல்லுக, அதனில் மகிழற்க, வேறு வழி தோன்றின் அதனையே கொள்ளுக.

வேறு வழியும் தோன்றாமற் போகவில்லை. பைன் மார்ட்டென் என்பது நீர்நாய்க்கு இனமானதோர் ஊனுண்ணி விலங்கு. முன்னாளில் வேட்டையால் பல இடங்களில் அழிந்துபட்ட அவ்விலங்கு அயர்லாந்தில் மீண்டும் பெருகிய பகுதிகளிலே, சாம்பலணில் குறையவும் செவ்வணில் திரும்பவும் கண்டதாக 2014ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். சாம்பலணிலின் பிறப்பைக் குறைக்கும் மருந்தை உணவில் வைத்துக் கொடுக்கவும் அறிஞர் முயன்றுள்ளனர். இவை முற்றும் கைகூடும் நாள்வரை கூண்டைத் தொண்டரே சுமத்தல் வேண்டும்.

நண்பர்களே! பூங்காவின் அழகுக்காகச் சில அணில்களைத் திறந்துவிட ஒருவருக்குச் சில நிமிடங்களே போதுமாயின. அதனைத் திருத்துதற்குப் பல்லாயிரவர் பல்லாண்டு உழைத்தும் பணி முடிந்தபாடில்லை. பூங்காவைத் திறந்தவர் பெயர் நூல்களில் நிற்கின்றது; பெட்டியைக் கழுவுவோர் பெயரோ எங்கும் எழுதப்படுவதில்லை. எனினும் அவரே பெரியர். அவர் உள்ளத்துப் பொறுமை நம் மாணவர் உள்ளத்தும் வளர்வதாக.