சுங்கத் தரகுத் தொழில்

சாந்தன்பாறைத் தோட்டங்களில் நம்மவர் பறிக்கும் ஏலக்காய், ஸ்டோரில் உலர்ந்து, புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ ஏலத்திற்கு வருகின்றது. ஏலத்தை ஏலம் விடுவது நம் மொழிக்கே வாய்த்த வேடிக்கை! அதில் அயல்நாடு செல்லும் பங்கு கொச்சிக்கோ தூத்துக்குடிக்கோ போய்ச் சேரும். அங்குக் கப்பலேறுமுன், சரக்கின் சொந்தக்காரருக்காகச் சுங்க அதிகாரிகளிடம் ஆவணம் தாக்கல் செய்து விடை சொல்பவரே சுங்கத் தரகர். பட்டம் பெற்று வேலை தேடும் பிள்ளைகள் நம் இல்லங்களில் பலர் உளர். ஆகவே இத்திங்கள் இத்தொழிலைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

தரகர் என்றதும் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுபவரை எண்ண வேண்டா. இவர் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி உரிமம் பெற்றவர். ஏற்றுமதிக்கு ‘ஷிப்பிங் பில்’ என்னும் பத்திரத்தைக் கணினி வழியே இவர் தாக்கல் செய்வார். அதிற் பொருளின் பெயரை மட்டும் எழுதினாற் போதாது; அட்டவணை எண்ணும் பிழையின்றி இருத்தல் வேண்டும். பேரேலத்திற்கு ஓர் எண், சிற்றேலத்திற்கு வேறு எண்கள்; சிற்றேலத்திலும் ஆலப்புழைப் பச்சை, குடகுப் பச்சை, வெளுத்தது என்று தனித்தனி எண்கள் உண்டு. மலையில் விளைந்த காய்க்குக் கடற்கரை ஊரான ஆலப்புழையின் பெயர் வந்தது, பழைய துறைமுக வாணிகத்தால். அனுப்புவோரின் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், நறுமணப் பொருள் வாரியப் பதிவு முதலியனவும் சரியாக இருத்தல் வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர் ஒரு தரகரிடம் பணியாளராகச் சேர்ந்து ‘எச்’ அட்டை பெறலாம். தேர்வெழுதி வென்றால் ‘ஜி’ அட்டை. அந்த அட்டையுடன் இரண்டாண்டு உழைத்த பட்டதாரி, உரிமத்திற்கான தேர்வுக்கே விண்ணப்பிக்கலாம். தேர்வு எளிதன்று, ஆயினும் மலையிலிருந்து படித்துச் சென்ற பிள்ளைக்கு எட்டாததுமன்று.

இத்தொழிலின் கடினம் வேறோர் இடத்தில் உளது. 2018ஆம் ஆண்டு உரிம விதிகளின்படி, தம்மிடம் வருபவரின் குறியீட்டு எண் மெய்யானதா, ஆள் யார், சொன்ன விலாசத்தில் தொழில் நடக்கின்றதா என்பனவற்றையெல்லாம் தரகரே நம்பத்தகுந்த ஆவணங்களைக் கொண்டு சரிபார்த்தல் வேண்டும். தவறினால் உரிமம் பறிபோகலாம். இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம், பிறர் பெயரில் வாணிகம் செய்யும் வஞ்சகர்களே. கூலி வேலை செய்பவரையோ வண்டி ஓட்டுநரையோ அணுகி, “உம் ஆதாரும் பான் அட்டையும் கொடும், மாதந்தோறும் ஒரு தொகை தருவோம்” என்பார்கள். அவர் பெயரில் குறியீட்டு எண் பெறுவார்கள். பொய்க் கணக்கில் சரக்கு நடமாடும். பிறகு ஆளைக் காணோம். சுங்கத்துறையின் அறிவிப்பு மட்டும் அந்த ஏழையின் வீட்டுக்கு வந்து சேரும்.

தோட்ட லயத்தில் வசிப்பவர் பெயரில் பெருஞ்சரக்கு போகின்றதென்றால், நம் மலையை அறிந்த தரகருக்கு உடனே ஐயம் எழும். நம் பிள்ளைகள் அந்த நாற்காலியில் அமர வேண்டும் என்று நாம் விரும்புவது சம்பளத்திற்காக மட்டுமன்று.

அட்டைகளைக் கேட்டு எவரேனும் வந்தால், கொடுக்க வேண்டா. ஏற்கெனவே கொடுத்து, அறிவிப்பும் வந்துவிட்டதாயின், அச்சத்தால் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிடாமல், அதிற் குறித்த நாளுக்குள் ஒரு வழக்கறிஞரைக் கொண்டு எழுத்து மூலம் மறுமொழி அனுப்புக.