அங்கே இந்தியாக்காரங்க, இங்கே சிலோன்காரங்க!

பல்லடத்திலிருந்து காங்கயம் போகும் சாலையில், பொங்கலூர் தாண்டியதும் நூற்பாலைகளும் கோழிப் பண்ணைகளும் மாறி மாறி வரும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அங்கே ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். ஒரு பெஞ்சில் இந்தி, அடுத்ததில் ஒடியா, கல்லாப்பெட்டியில் கொங்குத் தமிழ். போன மாசம் அப்படி நின்றபோது பக்கத்தில் ஓர் அக்கா, "எனக்கு ஒரு பிளேன் டீ" என்றார். மாஸ்டருக்குப் புரியவில்லை. "வர டீங்களா?" என்று கேட்டுப் போட்டுக் கொடுத்தார்.

பேச்சு வேறு மாதிரி இருக்கவே, "எந்த ஊருங்கக்கா?" என்று கேட்டேன்.

"கோத்தகிரி பக்கம். அம்மா அட்டன்ல பொறந்தவங்க. தாத்தாவுக்குத் துறையூரு. இதுல எது என் ஊருன்னு நீங்களே சொல்லுங்க தம்பி" என்று சிரித்தார்.

அவர் கொஞ்சம் நகர்ந்ததும் மாஸ்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவிங்க சிலோன்காரருங்க." கோத்தகிரியில் பிறந்து, கடலையே ரெண்டு தடவைதான் பார்த்திருக்கும் அக்கா எப்படி சிலோன்காரர் ஆனார்?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானில் குன்மா மாகாணத்தில் ஓய்சுமி என்றொரு சின்ன ஊர். அங்கேயும் தொழிற்சாலை, ஷிஃப்ட், கான்ட்ராக்ட் ஆட்கள்தான். அங்கே வேலை செய்யும் பிரேசில்காரர்களில் பலருக்கு முகம் ஜப்பானிய முகம், குடும்பப் பெயர் ஜப்பானியப் பெயர். வாயைத் திறந்தால் போர்த்துகீசியம். பிரேசிலில் இருந்தவரை அவர்களை எல்லோரும் 'ஜப்பான்காரன்' என்றார்கள். ஜப்பானுக்கு வந்ததும் 'பிரேசில்காரன்' ஆகிவிட்டார்கள்.

இரண்டு கதையும் காபித் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. பிரேசிலில் 1888-ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். இத்தாலியில் இருந்து வந்தவர்கள் படும் பாட்டைப் பார்த்து, இலவசப் பயணத்தில் ஆள் அனுப்புவதை 1902-ல் இத்தாலி நிறுத்தியது. 1908 ஏப்ரலில் கோபே துறைமுகத்தில் இருந்து கிளம்பிய 'கசாடோ மாரு' கப்பல், 781 ஒப்பந்தக் கூலிகளோடு ஜூன் 18 அன்று சாந்தோஸில் கரை சேர்ந்தது. சில வருஷம் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பலாம் என்றுதான் வந்தார்கள். பெரும்பாலானோர் திரும்பவே இல்லை. இன்று ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வம்சாவளியினர் அதிகம் வாழும் நாடு பிரேசில்தான்.

நம்மவர்கள் அதற்கும் எண்பது வருஷம் முன்பே கிளம்பிவிட்டார்கள். 1820-களில் இருந்து கங்காணிகளின் பின்னால் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்துச் சனங்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கு கிடையாது. அந்த நடைக்கு 200 வருஷம் ஆனதை நினைவுகூர்ந்து 2023-ல் மலையக மக்கள் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தார்கள். 1869-க்குப் பிறகு இலைத்துரு நோய் இலங்கைக் காபியை அழிக்க, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. உலகக் காபிச் சந்தை பிரேசிலின் கைக்குப் போனது. அதே காபியைப் பறிக்கத்தான் பின்னாளில் ஜப்பான்காரர்கள் கப்பல் ஏறினார்கள் என்பது சரித்திரத்தின் குசும்பு.

போன இடத்தில் இரு தரப்புக்கும் ஒரு காலத்தில் கதவு சாத்தப்பட்டது. பிரேசிலில் வர்காஸ் ஆட்சி ஜப்பானியப் பள்ளிகளை மூடியது. உலகப் போர் சமயத்தில் பொது இடத்தில் ஜப்பானிய மொழி பேசவே தடை. 1943-ல் சாந்தோஸில் இருந்த குடும்பங்களை 24 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். இதற்கெல்லாம் பிரேசில் அரசின் ஆணையம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். இலங்கையிலோ, சுதந்திரம் கிடைத்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கினார்கள். தொடர்ந்து ஓட்டும் போனது.

அதன் பிறகு நடந்தது ஒரு பங்கு பிரிப்பு. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கில் எந்தக் குடும்பத்தையும் கேட்டு எண் போடவில்லை. அண்ணன் இலங்கைக்கு, தம்பி இந்தியாவுக்கு என்று ஒரே லயத்தில் இருந்தவர்கள் பிரிந்தார்கள். மலையகத்தில் ரயிலுக்குக் கோச்சி என்பார்கள். தலைமன்னாருக்குக் கிளம்பும் கோச்சிகளில் எழுந்த அழுகையை இன்றைக்கும் பெரியவர்கள் பேசுகிறார்கள்.

அக்காவின் அம்மா வந்தது அப்படித்தான். ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. அரசு இவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. இவர்களுக்காகவே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. இன்றைய டான்டீ அதுதான். 1969-ல் ரெப்கோ வங்கி வந்தது. கொஞ்சம் பேரைக் கூட்டுறவு நூற்பாலைகளுக்கும் அனுப்பினார்கள். அப்போது கொங்கு நாடு முழுக்க வீட்டுக்கு வீடு இலங்கை வானொலிதான் பாடிக்கொண்டிருந்தது. அந்த அறிவிப்பாளர்களின் தமிழைக் கேட்டுச் சொக்கிய நாம்தான், அதே தீவில் இருந்து பெட்டி படுக்கையோடு வந்தவர்களை 'சிலோன்காரன்' என்று ஒதுக்கி வைத்தோம்.

ஜப்பானின் கதையில் 'திரும்பி வா' என்ற அழைப்பு தொழிற்சாலைகளின் தேவையில் இருந்து வந்தது. ஆள் பற்றாக்குறை வாட்டியபோது, 1990-ல் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, மூன்றாம் தலைமுறை வரையிலான வம்சாவளியினருக்குத் தங்கி வேலை செய்யும் விசா கொடுத்தார்கள். நம் ரத்தம்தானே, வந்தால் ஒட்டிக்கொள்வார்கள் என்று கணக்கு. 2007 வாக்கில் மூன்று லட்சத்துக்கும் மேல் பிரேசில்காரர்கள் ஜப்பானில் இருந்தார்கள். ஒட்டவில்லை. மானுடவியலாளர் டகேயுகி ட்சுடா இவர்களோடு வேலை செய்து எழுதியதில் ஒரு விஷயம் எனக்கு மறக்காது: பிரேசிலில் சம்பா நடனத்தின் பக்கமே போகாதவர்கள், ஜப்பானுக்கு வந்த பிறகு தெருவில் சம்பா ஆடினார்களாம். ஜப்பானியராக ஏற்க மாட்டாயா, சரி, நான் பிரேசில்காரன்தான் என்று.

2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. முதலில் வேலை போனது இவர்களுக்குத்தான். 2009 ஏப்ரலில் ஜப்பான் அரசு ஆளுக்கு மூன்று லட்சம் யென், குடும்பத்தில் மற்றவர்களுக்குத் தலைக்கு இரண்டு லட்சம் யென் என்று கொடுத்து, ஊருக்குப் போங்கள் என்றது. இதே விசாவில் திரும்பி வரக் கூடாது என்பது நிபந்தனை. சுமார் 20,000 பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். ரத்தம் பேசிய பேச்சு ஆர்டர் இருந்த வரைக்கும்தான்.

நம் பக்கம் யாரும் டிக்கெட் கொடுத்து அனுப்பவில்லை. அது வேறு மாதிரி. டான்டீ நஷ்டம் என்று சொல்லி 2022-ல் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசாணை வந்தது. ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் எந்த வீட்டில் இருப்பது என்ற கேள்வி கூடலூர், கோத்தகிரி லயங்களில் பெரிய கலக்கமானது. பிள்ளைகளோ அதற்கு முன்பே மலை இறங்கிக் கோயம்புத்தூர், திருப்பூர் வந்துவிட்டார்கள். அக்கா பொங்கலூர் பக்கம் வந்து சேர்ந்தது அப்படி.

என்றாலும் அக்கா கையில் ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. அதுகூட இல்லாத ஒரு கூட்டம் உண்டு. மலையகத்தில் இருந்து கலவரங்களுக்குப் பயந்து வவுனியா பக்கம் போய், 1983-க்குப் பிறகு படகில் வந்தவர்கள். வம்சம் இதே திருச்சி, இதே சேலம். ஆனால் பதிவேட்டில் அகதி. முகாமின் பெயர் 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது, கணக்கெடுப்பு நாளில் அங்கே இருந்தாக வேண்டும் என்பது மாறவில்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. அதே ஆண்டு ஜூனில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்திய வம்சாவளியினரான 65 பேரின் மனுவில், இவர்களின் விண்ணப்பங்களை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், 1987-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகள்தான் என்ற விதியைப் பிடித்து, கோர்ட் வரை போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டார். அவருக்குப் பின் 1988-ல் பிறந்தவருக்கு அந்த வழியும் இல்லை. இலங்கையே 2003-ல் தன் பக்கம் மிஞ்சியிருந்த மலையகத் தமிழர்களுக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது. 'தாயகம்' இன்னும் யோசிக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கார்டு இருப்பவர்களுக்கும் காகிதச் சிக்கல் தீரவில்லை. அக்காவின் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, "தாத்தா பொறந்த ஊர்ல போயி வாங்கிட்டு வாங்கன்னுட்டாங்க தம்பி. துறையூர்ல போய் யார்கிட்ட நிக்கிறது? அங்க எங்களத் தெரிஞ்சவுக ஒருத்தரும் இல்ல" என்றார். பையன் படிப்பை நிறுத்திவிட்டு பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குப் போனான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டதும் அங்கேயும் வேலை வாரத்தில் நாலு நாளாகிவிட்டது.

"ஆர்டர் வந்தா கூப்பிடுறேன்னு சொல்லிருக்காங்க" என்றவர், மில் பஸ் ஹாரன் கேட்டதும் அவசரமாகக் கடைக்காரரிடம் திரும்பி, "ரெண்டு பாண் குடுங்க" என்றார். அவர் ரெண்டு பன்னை எடுத்துப் பேப்பரில் சுற்றினார்.

"பன்னு இல்லண்ணே... பிரெட்டு, பிரெட்டு!" என்று சிரித்துக்கொண்டே காசை நீட்டினார் அக்கா.