எம்.ஐ.ஏ.வும் நம்மூரு உறுமியும்

எம்.ஐ.ஏ. என்கிற மாயாவைப் பத்திப் பேச்சு வந்தா நம்மாளுங்க ரெண்டே விசயத்தைத்தான் சொல்வாங்க. 'ஸ்லம்டாக் மில்லியனர்' பாட்டுக்காக 2009-ல ரஹ்மானோட சேர்ந்து ஆஸ்கர் பரிந்துரை. அப்புறம் 2012 சூப்பர் பவுல்ல நடுவிரலைக் காட்டினது. மீதி நேரம் ஈழ அரசியல் சண்டை. அந்தம்மா பாட்டை யாராச்சும் காது குடுத்துக் கேட்டீங்களா மக்களே?

என்னைக் கேட்டா 2007-ல வந்த 'கலா'தான் அவரோட உச்சம். அப்பா பேருல 'அருளர்' 2005-ல வந்து பேர் வாங்கியாச்சு. அம்மா பேருல அடுத்தது. அமெரிக்காவுல செய்யலாம்னு பார்த்தா விசா சிக்கல். சரி போச்சுன்னு உக்காராம இந்தியா, ட்ரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியான்னு சுத்திக்கிட்டே பதிவு பண்ணினார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ரெண்டுலயும் அதிருதே, அது சென்னையில நம்ம உறுமிக்காரங்க அடிச்சது. 'பேம்பூ பங்கா'வுல 'தளபதி' பொங்கல் பாட்டுல இருந்து ராஜாவோட ஒரு துண்டு வரும். 'பேப்பர் ப்ளேன்ஸ்' இதே ஆல்பம்தான், கிராமி பரிந்துரை வரைக்கும் போச்சு.

ஃப்யூஷன்னு சொல்லிக்கிட்டு பலபேர் செய்யறது என்னன்னா, பின்னால லேசா ஒரு தபலா, சாம்பிராணி போட்ட மாதிரி. மாயா அப்படிச் செய்யலை. 'பாய்ஸ்'ல உறுமிதான் பாட்டே. வளைஞ்ச குச்சியைத் தோல்ல தேய்க்கறப்ப வர்ற அந்த முரட்டு உறுமலைத் துடைச்சு மெருகேத்தாம அப்படியே விட்டிருக்கார். ஈரோட்டுல மாரியம்மன் நோம்பியில கேட்ட காதுக்கு இது சட்டுனு புரியும்ங்க. நாம அதை நோம்பிக்கும் சாவுக்கும் கூப்பிடுவோம், சபாவுல ஏத்த மாட்டோம். சினிமாவுல வந்தா குத்துப்பாட்டுன்னு ஒதுக்கிருவோம். லண்டன்ல பொறந்து, யாழ்ப்பாணத்துல வளர்ந்து, அகதியா லண்டனுக்கே திரும்பின பொண்ணுக்கு அதோட மதிப்பு தெரிஞ்சிருக்கு.

ஒரு மனக்குறை உண்டு. எம்.ஐ.ஏ. பேரு உலகம் பூரா தெரியுது, அடிச்ச கலைஞர்கள் பேரு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? இதுக்கு அவரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. நம்ம சினிமா ரசிகர்களும் அதே லட்சணம்தான்.

அப்புறம் வந்ததுல 2013 'மாதங்கி' தேவலாம். 2022 'மாதா' எனக்கு ஒட்டலை. 2020-ல தடுப்பூசி பத்தி அவர் பேசினது சுத்தமா உடன்பாடில்லை, அது வேற கணக்கு.

'பாய்ஸ்' கேக்கறப்ப ஹெட்ஃபோன் போட்டு சத்தத்தைக் கூட்டி வைங்க. புடிக்கலைன்னா வந்து திட்டுங்க :)